கோடு சேராத பெட்டி

மகனே,

நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று செவ்வாய்க்கிழமை போனில் உன் குரலிலேயே தெரிந்தது. ஆஸ்திரேலியா விசாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது, இன்னும் ஒரே ஒரு கடிதம்தான் பாக்கி என்றாய். தோட்ட மக்கள் பதிவுத் திட்டத்தை அடியிலிருந்து வடிவமைத்தது நீதான் என்று எங்கள் பணிப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். "நீங்க டைப் பண்ணி மத்தக் கடிதங்களோட வச்சிருங்கம்மா, அவரு வாசிக்காமலே ஒப்பம் வச்சிருவாரு" என்றாய். உண்மைதான். பதினான்கு வருஷமாக இந்தக் கந்தோரில் நான் வைத்த எந்தக் கடிதத்தையும் எந்தப் பணிப்பாளரும் சந்தேகத்தோடு பார்த்ததில்லை. அதை நீ கவனித்து வைத்திருக்கிறாய். அந்தக் கடிதம் உனக்குக் கிடைக்காது. முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிப் பக்கத்தில் அம்மா மனம் மாறியிருப்பாள் என்று தேடிக்கொண்டே நீ இதைப் படிக்கக் கூடாது.

ஏன் என்று கேட்காதே. உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குத் தெரிந்ததை நான் எழுத்தில் வைக்கப் போகிறேன். உனக்குத் தெரியாத சிலதும் இதில் இருக்கின்றன. அவற்றில் என் பிழையும் இருக்கிறது. என் பிழையைக் கண்டதும் உன் பிழை குறைந்துவிட்டதாக நீ நினைப்பாய், அப்படித்தான் நீ வளர்ந்திருக்கிறாய். குறையாது. இரண்டும் தனித்தனியாக அதே அளவில் நிற்கின்றன.

உன் அப்பா ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெக்கானிக்காக இருந்து செத்தபோது நீ ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருஷம் நான் பதுளை டவுனில் இந்தக் கந்தோருக்கு டைப்பிஸ்டாக வந்தேன். தோட்டத்து ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எடுத்துக் கொடுக்கிற சின்ன நிறுவனம். நீயும் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாறினாய். சேர்ந்த முதல் நாள், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நான் உன் தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னேன்: "எங்க இருக்கன்னு கேட்டா பதுளைன்னு சொல்லு. லயத்துல இருக்கோம்னு சொல்லாத." நீ ஏன் என்று கேட்டாய். "கேக்காத, சொல்லு" என்றேன். இதுதான் நான் செய்த முதல் பிழை. நான் பிறந்தது தோட்டத்துக் கூலி ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில், நீ பிறந்ததும் அதே வரிசையில் நாலு அறை தள்ளி. அதை மறைக்கச் சொல்லி உனக்கு நானே கற்றுக் கொடுத்தேன். நீ என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாய்.

மாரியாயி எங்கள் கந்தோருக்கு முதல் தடவை வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பூனாகலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். என் வயதுதான் இருக்கும். மழையில் நனைந்த பொலித்தீன் பையிலிருந்து நாலு தாளை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தாள். பிறப்புப் பதிவில் மேரி என்று இருந்தது, யாரோ சிங்களத்தில் காதில் விழுந்ததை எழுதி, வேறு யாரோ அதைத் தமிழாக்கியது. தோட்டத்துப் பெரட்டுப் புத்தகத்தில், அதாவது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பதிவில், வெறும் மாரி. கலியாணப் பதிவில் மாரியம்மாள். ஆஸ்பத்திரித் துண்டில் மாரியாய். ஒவ்வொன்றிலும் அவளுடைய தகப்பன் பெயரும் ஒவ்வொரு விதம். நான் தாள்களைப் பார்த்துவிட்டு, "இதுல எது நீங்க?" என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இந்த நாலு பேரும் நான்தாங்க. அஞ்சாவதா எங்கம்மா கூப்புட்ட பேரு, மாரியாயி. அதுதான் எந்தத் தாள்லயும் இல்ல" என்றாள்.

அடையாள அட்டை எடுக்க இந்த நாலும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். அப்படி நூற்றுக்கணக்கான ஆட்கள் வந்தார்கள். காகிதக் கோப்புகளில் ஒருத்தியைத் தேடி எடுக்கவே அரை நாள் போனது. அதற்குள் நீ கொழும்பில் பல்கலைக்கழகம் போய்விட்டாய். முதல் வருஷ விடுமுறைக்கு வந்தபோது ஜாவா புரோகிராம் மொழிப் புத்தகங்கள் இரண்டை வீட்டில் போட்டுவிட்டுப் போனாய், சுமை என்று. நான் அவற்றை எடுத்துப் படித்தேன். ஏற்கெனவே பண்டாரவளையில் ஒரு வருஷம் கம்பியூட்டர் டிப்ளோமா படித்திருந்தேன், அதில் பாதி புரிந்தது, பாதி மனப்பாடம். உன் புத்தகங்களை மூன்று தடவை படித்தேன். நான் புரோகிராம் எழுதுகிறேன் என்று போனில் சொன்னபோது, "அம்மா, அதெல்லாம் டைப் அடிக்கிற மாதிரி இல்ல" என்று நீ சிரித்தாய். பக்கத்தில் இருந்த உன் கூட்டாளியிடமும் சொல்லிச் சிரித்தாய். எனக்குக் கேட்டது.

ஒரு வருஷமும் நாலு மாதமும் எழுதினேன். ஆள், குடும்பம், லயம், தோட்டம், பத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளாஸ், அதாவது அந்த வகையின் விவரங்களை வைக்கிற ஒரு பெட்டி. தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் வைத்தேன், எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. கடைசியாக மறுபெயர் என்று ஒரு கிளாஸ் எழுதினேன். ஓர் ஆளுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் இருக்கலாம், ஒவ்வொரு பெயரும் எந்தத் தாளில், யார் கையால், எந்தத் தகப்பன் பெயரோடு எழுதப்பட்டது என்பதை அது வைத்திருக்கும். பட்டியல் எடுக்கும்போது எல்லாப் பெயரையும் ஒன்றாகக் கட்டி, இவர்கள் ஒருவரே என்று ஒரு பக்கத்தை அச்சடித்துக் கொடுக்கும். மற்ற கிளாஸ்களை எழுதப் புத்தகம் போதுமாக இருந்தது. இந்த ஒன்றை மாரியாயியின் நாலு தாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

அடுத்த பிழையையும் எழுதுகிறேன். அந்த மறுபெயர்களை எல்லாம் ஆள் கிளாஸுக்குள் ஒரு வெக்டரில் போட்டு வைத்தேன். வெக்டர் என்பது ஒரு பை மாதிரி, எதையும் போடலாம். அந்தக் காலத்து ஜாவாவில் பைக்குள் என்ன வகைச் சாமான் இருக்கிறது என்று வெளியே எழுதி ஒட்ட வழி கிடையாது. குறைந்தபட்சம் மேலே ஒரு வரிக் குறிப்பாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நான்தானே எழுதுகிறேன், நான்தானே பார்க்கப் போகிறேன் என்ற திமிர். என் தலைக்குள் மட்டும் இருந்ததை யாராவது வெளியிலிருந்து வந்து பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

நீ வந்தாய். இரண்டாயிரத்து ஐந்தில் நிதி கொடுக்கிறவர்கள் பழைய புரோகிராமை மாற்ற வேண்டும், இணையத்தில் ஓடுகிற மாதிரி புதிதாகச் செய்ய வேண்டும் என்றார்கள். வேலை உன் கம்பனிக்குக் கிடைத்தது. அந்தச் சனிக்கிழமை காலை நீ வீட்டுக்கு வந்து, நான் சீடியில் போட்டு வைத்திருந்த சோர்ஸ் கோட், அதாவது நான் எழுதிய வரிகள் முழுவதையும் உன் மடிக்கணினியில் ஏற்றினாய். இருக்கிற புரோகிராமைப் படித்துத் தானாகவே கிளாஸ் டயகிராம் வரைந்து கொடுக்கிற ஒரு மென்பொருள் உன்னிடம் இருந்தது. நான் அடுப்பில் சோறு வைத்திருந்தேன். உலை கொதிக்குமுன் படம் வந்துவிட்டது. "வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டாய். ஈரக் கையோடு வந்து நின்றேன். பெட்டி பெட்டியாக, ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோடுகள். ஆள், குடும்பம், லயம், தோட்டம். ஒரு வருஷமும் நாலு மாதமும் நான் வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்ததை முழுதாக ஒரே பார்வையில் பார்த்தது அன்றுதான். என் கண் கலங்கியது. நீயும் பார்த்தாய். "பரவால்லையேம்மா, ஒழுங்காத்தான் எழுதியிருக்கீங்க" என்றாய். நீ எனக்குச் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அது.

சாப்பிட்டுக்கொண்டே அடுத்ததையும் சொன்னாய். "திங்கக்கிழமை கூட்டத்துல நான் உங்க மகன்னு காட்டிக்காதீங்கம்மா. சொந்தக்காரருக்கு வேல குடுத்துட்டாங்கன்னு பேச்சு வரும்." நான் சரி என்றேன். அது நியாயமான காரணம் என்றுதான் பட்டது. பணிப்பாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கொழும்பில் ஒரு மகன் என்பது அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. சொல்லிவிட்டு நீ கை கழுவப் போனாய். நான் உன் தட்டை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் பஸ் நிலையத்தில் உன் தோளைப் பிடித்து நிறுத்திய காலை எனக்கு ஞாபகம் வந்தது. நான் எதைச் சொல்லி வளர்த்தேனோ அதையே எனக்குத் திருப்பிச் சொல்லியிருந்தாய்.

கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவர் நிறையக் காட்டினாய். கிளாஸ் பெயர்களை எல்லாம் ஆங்கிலமாக மாற்றியிருந்தாய். உன் கம்பனியிலிருந்து வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். "பழைய புரோகிராமுக்கு டிசைன்னு ஒண்ணுமே கிடையாது சேர். டொக்கியுமென்ட் ஒரு பக்கம்கூட இல்ல. நாங்கதான் உக்காந்து இந்த டிசைன எடுத்திருக்கோம்" என்றாய். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்ல வடிவாக் கீறியிருக்கிறீங்கள் தம்பி. எத்தினை நாள் பிடிச்சது?" என்று கேட்டார். "மூணு வாரம் சேர்" என்றாய். என்னைக் காட்டி, "இந்த மேடம்தான் பழைய புரோகிராமப் பாத்துக்கிட்டு இருந்தாங்க" என்றாய். பாத்துக்கிட்டு. வீட்டைப் பாத்துக்கிறவள், மாட்டைப் பாத்துக்கிறவள் மாதிரி. பணிப்பாளர் என் பக்கம் திரும்பி, "நீங்கள் ஏதும் சொல்ல இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். தலையைக்கூட ஆட்டினேன். உலை கொதிக்குமுன் வந்த படம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் மரியாதை அங்கேயே போயிருக்கும். அதைக் காப்பாற்றினேன். யாருக்கு எதிராகக் காப்பாற்றுகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கந்தோர் போன் அடித்தது. எடுத்தேன். "மேடம், ஒரு சின்ன டவுட்" என்றாய். பக்கத்தில் ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆனால் உன் குரலில் ஒரு தயக்கம்கூட இல்லை. "டயகிராம்ல ஒரு கிளாஸ் தனியா நிக்குது மேடம். மறுபெயர்னு. வேற எந்தக் கிளாஸோடயும் அதுக்குக் கோடு இல்ல. அது எதுக்கு?" என்றாய். எனக்கு விளங்கியது. பைக்குள் போட்டு வைத்ததை உன் மென்பொருள் பார்க்கவில்லை. ஆள் கிளாஸில் ஒரு வெக்டர் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும், அதற்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதனால் கோடு போடவில்லை. ஒரு நிமிஷம் போதும் இதைச் சொல்ல. மாரியாயியின் நாலு தாள் கதையைச் சொல்ல இன்னும் இரண்டு நிமிஷம். ஆனால் அந்த மேடம் என் காதிலேயே நின்றது. நான் சொன்னேன்: "தேவையில்லன்னா தூக்கிருங்க, சேர்."

நீ "ஓகே மேடம்" என்று வைத்துவிட்டாய்.

இதுதான் நான் செய்ததில் பெரியது. கோபத்தில் சொன்னேன் என்பதால் அது சின்னதாகிவிடாது. எனக்குத் தெரிந்தே சொன்னேன். நீ திரும்ப எடுப்பாய், அம்மா என்று கூப்பிட்டுக் கேட்பாய் என்று மூன்று நாள் போன் பக்கத்திலேயே இருந்தேன். நீ எடுக்கவில்லை. பிறகு எனக்கும் வீம்பு வந்துவிட்டது, நானும் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ பல்கலைக்கழகத்தில் படித்தவன். சோர்ஸ் கோட் முழுவதும் உன் கையில் இருந்தது. படத்தில் ஒரு பெட்டி தனியாக நின்றால், படம் பிழையா பெட்டி பிழையா என்று பார்க்க அதைத் திறந்து ஆள் கிளாஸை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்திருந்தால் போதும். அறுபது வரி. மறுபெயர் என்ற சொல் அதில் ஒன்பது இடத்தில் வருகிறது. நீ வாசிக்கவில்லை. மென்பொருள் வாசித்துவிட்டதால் நீ வாசிக்க வேண்டியதில்லை என்று நினைத்தாய். யாரோ ஒரு மேடம் தூக்கு என்றதும் தூக்கினாய். அந்தப் பெட்டியை அழித்துவிட்டு, மிச்சப் படத்தை வைத்துப் புதிய திட்டத்தைக் கட்டினீர்கள். ஓர் ஆளுக்கு ஒரு பெயர்.

பழைய பதிவுகளைப் புதியதற்கு மாற்றிய நாளில், பெயர் ஒத்துவராமல் இன்னும் அட்டைக்குக் காத்திருந்த ஆட்களை உங்கள் புரோகிராம் ஏற்கவில்லை. ஏற்காதவர்களை எல்லாம் பிழைப் பட்டியல் என்று தனியாக ஒரு கோப்பில் எழுதி வைத்தது. அந்தக் கோப்பை யாரும் திறக்கவில்லை. ஒப்படைப்புக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தீர்கள்.

அடுத்த வருஷம் பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடமாடும் சேவை வைத்தார்கள். அதிகாரிகள் வந்திருந்து அங்கேயே அட்டைக்கு எழுதி எடுத்தார்கள். புதிய திட்டம் கொடுத்த பட்டியலைத்தான் நாங்கள் கொண்டுபோனோம். மாரியாயி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, காலையிலிருந்து வரிசையில் நின்றிருக்கிறாள். அவள் பெயர் எந்த உருவத்திலும் பட்டியலில் இல்லை. அடுத்த தடவை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். நான் அன்று மற்ற மேசையில் இருந்தேன். அவள் போனது எனக்குத் தெரியாது.

சில மாதத்தில் வடக்கில் சண்டை மறுபடி மூண்டது. ரோட்டு முழுக்கச் சோதனைச் சாவடி. கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த அவள் மகளுக்கு அது நிறைமாதம். பிள்ளைப்பேற்றுக்குக் கூட இருக்க அவள் பஸ் ஏறினாள். அட்டை இல்லை. கையில் இருந்தது தோட்டத்திலிருந்து கொடுத்த ஒரு கடிதம், அதில் மாரி. பிறப்புச் சான்றிதழில் மேரி. இரண்டையும் பார்த்ததும் வழியில் ஒரு சாவடியில் இறக்கிவிட்டார்கள். ஒன்பது நாள் அடைத்து வைத்திருந்தார்கள். அவளுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் வரும். யாரு நீ, உன் உண்மையான பெயர் என்ன என்று ஒன்பது நாளும் கேட்டிருக்கிறார்கள். அவள் உண்மையைச் சொன்னாள், எனக்கு நாலு பெயர் இருக்கிறது என்று. அதைக் கேட்டால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீயே நினைத்துப் பார். மகளுக்கு வயிற்றைக் கீறித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. தாய் எங்கே என்று அந்தப் பெண்ணுக்கு அந்த ஒன்பது நாளும் தெரியாது. செத்துப்போயிருப்பாள் என்று நினைத்து, தீட்டோடு தீட்டாக அழுதுகொண்டு கிடந்திருக்கிறாள்.

வெளியே விட்ட பிறகு மாரியாயி எங்கள் கந்தோருக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, "என் பேரை யாருங்க எடுத்தா?" என்று கேட்டாள்.

"யாரும் எடுக்கலங்க. கம்பியூட்டர் கோளாறு" என்றேன்.

அவள் என் கம்பியூட்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கம்பியூட்டரு யாரு சொல்றதக் கேக்குங்க?" என்றாள்.

நான் திரையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவள் போய்விட்டாள். இதையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள். முகத்துக்கு நேரே ஒருத்தி கேட்டாள், நான் இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்போதும் உன்னைத்தான் ஒளித்தேன், உன் கூடவே என்னையும்.

அன்று பின்னேரமே பிழைப் பட்டியலைத் தேடி எடுத்தேன். நாற்பது பேருக்கு மேல். ஒவ்வொருவரும் எனக்குத் தெரிந்தவர்கள், ஒவ்வொருவர் தாளும் என் கையில் பட்டது. மூலையில் போட்டிருந்த பழைய கம்பியூட்டரைத் துடைத்து எழுப்பினேன். என் பழைய புரோகிராம் ஓடியது. உனக்குப் போன் எடுத்தேன், அன்று உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறந்திருப்பாய். "டயகிராம்ல கோடு இல்லாதத நான் எப்படிம்மா பாக்குறது? நீங்கதான தூக்கச் சொன்னீங்க." அது உண்மை. பிழைப் பட்டியலை ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். "அது சும்மா வார்னிங்மா. பத்தாயிரம் பேருல நாப்பது பேரு போனா அது ஒண்ணுமே இல்ல." ஒன்பது நாள் ஒருத்தி அடைபட்டுக் கிடந்தாள் என்றேன். அப்போது சொன்னாய்: "ஒரு பொம்பளைக்காகவா இவ்ளோ சத்தம் போடுறீங்க?"

மகனே, நான் உன்னோடு பேச்சைக் குறைத்தது அன்றிலிருந்துதான். உன் கலியாணத்துக்கு வந்தேன், தாலி எடுத்துக் கொடுத்தேன், போட்டோவில் நின்றேன். நீ ஒன்றும் கவனித்திருக்க மாட்டாய். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு உன்னை மன்னிக்க நான் முயன்றதுகூட இல்லை. படம் பிழையானது ஒரு வேலைப் பிழை, வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் வரும். என் மறுபெயர் கிளாஸை நீ கண்டுகொள்ளாமல் போனதை நான் விட்டிருப்பேன். ஒரு பொம்பளை என்றாய். உன்னைப் பெற்றவளும் அந்தப் பட்டியலில் வரக்கூடிய ஒரு பொம்பளைதான். என் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? நீ கேட்டதே இல்லை. அது என் பெயரே இல்லை. என் அக்கா பெயர், பிறந்து எட்டு நாளில் செத்தவள். தோட்டத்துக் கிளாக்கர் அந்தப் பழைய துண்டையே எனக்குக் கொடுத்துவிட்டார். நீ வாசிக்காத அந்த அறுபது வரிக்குள் நானும் ஓர் ஆள்தான்.

அந்த நாற்பது பேருக்கும் நான் தனியாகக் கடிதங்கள் தயார் செய்தேன். பழைய புரோகிராமில் அச்சடித்து, கட்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினேன். அட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. மாரியாயியின் அட்டை வர ஏழு மாதமானது. தபாலில் அனுப்பிவிட்டேன். கொண்டுபோய்க் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. புதிய திட்டத்தின் ஒப்படைப்புப் பத்திரத்தில், முதல் பக்கத்திலேயே, வடிவமைப்பு என்று இவ்வளவு காலமும் உன் பெயர்தான் இருந்தது. அதைத்தான் இப்போது கடிதமாகவும் கேட்கிறாய்.

போகிற நாட்டிலும் நீ இதே வேலைதான் செய்யப் போகிறாய். யாரோ ஒருத்தர் பல வருஷம் எழுதியதை உன் மென்பொருளில் போட்டு, உலை கொதிக்குமுன் படம் எடுப்பாய். எடு, அது கெட்ட காரியம் இல்லை. எனக்கே அது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டு எழுதியவரைப் பார்த்ததாக நினைக்காதே. கோடு சேராத பெட்டி ஒன்றைக் கண்டால், அழிக்குமுன் எழுதிய ஆளைத் தேடிப் போய் உட்கார்ந்து கேள். அவர் கோபமாக இருந்தால் கோபம் ஆறுகிற வரை உட்கார். அம்மாவாக இருந்தால் அம்மா என்று கூப்பிட்டுக் கேள். இதைப் புத்திமதி என்று நினைக்காதே. உனக்கு இனிமேல் புத்தி சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. உன் கையால் இன்னொருத்தி பஸ்ஸிலிருந்து இறக்கப்படக் கூடாது, அவ்வளவுதான்.

உன் போன் வந்த மறுநாள், புதன்கிழமை, பணிப்பாளரின் அறைக்குப் போனேன். நீ என் மகன் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கிருங்க சேர் என்று சொன்னதையும் சொன்னேன். "ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்று கேட்டார். பயம் என்றேன். "அந்த ஒப்படைப்புப் பத்திரத்தைத் திருத்தத்தான் வேணும். உங்கட பேரும் பிழை விட்ட இடத்தில வரும்" என்றார். வரட்டும் என்றேன். திருத்தி எழுதியதை நானே டைப் செய்தேன். இந்த முறை அவர் ஒவ்வொரு வரியாக வாசித்துத்தான் ஒப்பம் வைத்தார். நான் ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. வைத்திருப்பார்களோ அனுப்புவார்களோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பூனாகலைக்குப் போனேன். மாரியாயி லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே சொன்னேன். "அன்னைக்கு நீங்க கேட்டீங்க, யாரு எடுத்தான்னு. நான் பொய் சொன்னேன். எடுத்தது என் மகன். எடுக்கச் சொன்னது நான்."

உள்ளே பிள்ளை ஒன்று அழுதது, மகள் அன்று தனியாகக் கிடந்து பெற்ற பிள்ளைதான் என்று நினைக்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "வேணும்னேவா எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"மகன் வருவாரா?"

"வரமாட்டான். வெளிநாடு போறான்."

"அவரு பேரென்ன?"

சொன்னேன். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "முழுசாச் சொல்லுங்க. தகப்பன் பேரோட." சொன்னேன். அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், நடுவில் ஓர் எழுத்து பிசகியது. என்னைச் சொல்லச் சொல்லி மறுபடி கேட்டாள். இரண்டாம் தடவையும் மெதுவாக, உதடு அசைகிறது எனக்குத் தெரிகிற மாதிரி, முழுவதையும் சொன்னாள். "இப்ப சரியாங்க?"

"சரி."

"இனி பிசகாது" என்றாள். விறகுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவள் வேலையை நிறுத்தவில்லை. நான் பஸ்ஸுக்கு இறங்கி வந்துவிட்டேன்.

அம்மா